ஏர் ரைபிள்: ஒரு சுடுதலுக்கு எவ்வளவு செலவு? கைப் பம்பா, பெரிய சிலிண்டரா?

வெளிநாடுகளில் காலித் தோட்டாக்களில் பிரைமரும் (தீப்பொறி தரும் சிறு மூடி) வெடிமருந்தும் குண்டும் மறுபடி நிரப்பிச் செலவைக் குறைப்பவர்கள் உண்டு. நமக்கு அந்த வழி இல்லை. உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். 10 மீட்டர் ஏர் ரைபிள் (துப்பாக்கியில் உள்ள சிறு சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடுவது) பழகும் பிள்ளைகளின் வீட்டில் வரும் கேள்வி வேறு: அந்தக் காற்றைக் கைப் பம்பால் நாமே அடிப்பதா, காசு கொடுத்துப் பெரிய சிலிண்டரில் வாங்கி வந்து நிரப்புவதா? என் மகளுக்காக நான் போட்ட கணக்கு இது. விலைகளை எளிதாக வகுபடும் எண்களாக வைத்திருக்கிறேன். உங்கள் ரசீதில் உள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்.

படி 1: பெல்லட்

ஏர் ரைபிளில் போடும் சிறு ஈயக் குண்டுதான் பெல்லட். டப்பாவில் 500. விலை 1,000 ரூபாய் என்றால் ஒன்று 2 ரூபாய். போட்டியில் 60 சுடுதல். அதற்கு முன் பார்த்துச் சுடுவதும் சேர்த்தால் 80 வரை போகும். பயிற்சிக்கு விலை குறைந்த பெல்லட், போட்டிக்கு நல்லது என்று பிரித்துவிடுங்கள். இரண்டையும் முன்கூட்டியே அட்டையில் சுட்டு, குறி எவ்வளவு தள்ளிப்போகிறது என்று பாருங்கள்.

படி 2: காற்று

பலரும் இடறும் இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள். 12 லிட்டர், 200 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) சிலிண்டர் வாங்கினால் துப்பாக்கியை 200 பாருக்கு எத்தனை முறை நிரப்பலாம்? ஒரு முறைகூட முடியாது. இரண்டின் அழுத்தமும் சமமானதும் காற்று நின்றுவிடும். துப்பாக்கி சிலிண்டர் 0.2 லிட்டர், 70 பாருக்கு இறங்கியதும் நிரப்புகிறீர்கள் என்றால், முதல் முறையே சுமார் 198 பாரில் நிற்கும். அடுத்தது 196. இப்படி ஒவ்வொரு முறையும் சுமார் 2 பார் இறங்கி, 29 முறையில் 150-ஐ ஒட்டி வந்துவிடும். அதற்குக் கீழே எனக்கு ஒத்துவராது. பயிற்சியின் நடுவில் எழுந்துபோய் மறுபடி நிரப்ப வேண்டியிருக்கும்.

300 பார் சிலிண்டரில் கதையே வேறு. 200-க்கு இறங்குவதற்குள் முழுதாக 46 முறை என்று காகிதக் கணக்கு சொல்லும். அந்த அழுத்தத்தில் காற்று காகிதம் சொல்லும் அளவுக்கு அடங்காது, அதனால் நடைமுறையில் 40-க்கும் கீழேதான் கிடைக்கும். அதன் பிறகு மேலே சொன்ன 29 இருக்கிறது. விலை கூடினாலும் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் துப்பாக்கி சிலிண்டரின் எல்லை 200 பார். அளவுமானியைப் பார்த்தபடி வால்வை மெல்லத் திறக்க வேண்டும்.

200 பார் சிலிண்டரை ஒருமுறை நிரப்ப 600 ரூபாய், போய்வர 400 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000-ஐ 29-ஆல் வகுத்தால் சுமார் 34 ரூபாய். ஒரு நிரப்பலில் 150 பெல்லட் சுட முடிந்தால், ஒன்றுக்கு 23 பைசா. பெல்லட்டோ 2 ரூபாய்! பம்பு வாங்கிக் காற்றுச் செலவை முழுதாக மிச்சம் பிடித்தாலும், பெல்லட்டைப் பிரித்துப் பயன்படுத்துவதில் மிஞ்சும் காசுக்கு அது ஈடாகாது.

படி 3: பம்பா, சிலிண்டரா?

அப்படியானால் காசை விட்டுவிட்டு ஈரத்தைப் பாருங்கள். ஏற்காட்டில் இருக்கும் என் அக்கா மகனும் சுடுகிறான். மூடுபனி நாளில் அங்கே கைப் பம்பை அடித்தால், காற்றோடு ஈரமும் சிலிண்டருக்குள் போகும். உள்ளே துரு பிடிக்கும், ரெகுலேட்டர் (அழுத்தத்தைச் சீராக வைக்கும் பாகம்) கெடும். 1,500 மீட்டர் உயரத்தில் காற்றும் சேலத்தைவிட ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு மெல்லியது. அந்த அளவுக்குக் கூடுதலாக அடிக்க வேண்டும். பம்புதான் என்றால் ஈரம் உறிஞ்சும் வடிகட்டி உள்ளதாக வாங்குங்கள். வெயில் ஏறியதும் அடியுங்கள். பம்பு சூடானால் ஆறவிடுங்கள். மலைக்குப் பெரிய சிலிண்டரைக் கொண்டுபோனால், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் உருளாதபடி படுக்க வைத்துக் கட்டுங்கள்.

சிலிண்டர் நிரப்ப, சுவாசக் கருவிகளுக்குக் காற்று அடித்துத் தருபவர்களைத் தேடுங்கள். அவர்கள் தருவது உலர்ந்த காற்று.

பிறகு சேர்த்தது

"வெல்டிங் கடையில் ஆக்சிஜன் மலிவாகக் கிடைக்கிறது, அதை நிரப்பலாமா?" என்று இரண்டு பெற்றோர்கள் கேட்டிருந்தார்கள். பட்டறைகள் நிறைந்த சேலத்தில் இந்த எண்ணம் வருவது இயல்புதான். வேண்டவே வேண்டாம். உயர் அழுத்த ஆக்சிஜன் துப்பாக்கிக்குள் இருக்கும் எண்ணெய்ப் பசையைத் தொட்டால் தீப்பிடித்து வெடிக்கும். பிள்ளையின் முகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பொருள் அது. காற்று மட்டும்தான்.

சுட்ட பெல்லட்டை உருக்கி மறுபடி வார்க்கலாமா என்றும் ஒருவர் கேட்டார். மெல்லிய பாவாடை போன்ற அந்த வால் வீட்டு அச்சில் ஒரே சீராக வராது. ஈயப் புகை பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். அட்டைக்குப் பின்னால் பெல்லட்டைப் பிடிக்கும் பொறியில் சேர்ந்த ஈயத்தைப் பழைய உலோகம் வாங்குபவரிடம் கொடுத்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

பழைய துப்பாக்கி வாங்குவோர் சிலிண்டரில் பொறித்த தேதியைப் படியுங்கள். பல நிறுவனங்கள் பத்து ஆண்டுகள்தான் ஆயுள் தருகின்றன. அது முடிந்திருந்தால் புதிய சிலிண்டரின் விலையைத் துப்பாக்கி விலையோடு கூட்டிய பிறகே பேரம் பேசுங்கள்.