கமேரோ எஞ்சினில் விலாசம் பார்ப்பது எப்படி

காரைக்குடியில் எனக்குப் பழம்பொருள் கடை. பித்தளை, எனாமல், தேக்குத் தூண். கார் என் சரக்கே இல்லை. ஆனால் டெக்சாஸில் இருக்கும் அக்காள் மகன் எனக்குத்தான் படம் அனுப்புவான். "அம்மான், 69 கமேரோ. 427 எஞ்சின் கம்பெனியிலேயே போட்டதாம். வாங்கலாமா?" கமேரோ என்பது செவ்ரோலே கம்பெனியின் கார், 69 என்பது 1969, 427 என்பது எஞ்சினின் கன அங்குல அளவு. இப்படி ஏழெட்டு வண்டி பார்த்தாகிவிட்டது.

அந்த அளவு வண்டியில் 400 கன அங்குலத்துக்கு மேல் எஞ்சின் கூடாது என்பது அப்போது செவ்ரோலேயின் தாய்க் கம்பெனியான ஜெனரல் மோட்டார்ஸின் உள்விதி. யென்கோ போன்ற டீலர்கள் 'கோப்போ' என்ற தனி ஆர்டர் வழியாக 427-ஐப் போட வைத்தார்கள். ஆலையிலிருந்து அவை எஸ்எஸ் (சூப்பர் ஸ்போர்ட்) பேட்ஜ் இல்லாமல் சாதுவாகத்தான் வந்தன. எஸ்எஸ் பேட்ஜோடு வந்த கோப்போ என்று ஒருவர் சொன்னால் அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

அடுத்து வண்டி எண். நம்பர் பிளேட் இல்லை, ஆலையில் பதித்த எண். 1970 பிளைமவுத் காரில் ஐந்தாவது எழுத்து 'ஆர்' என்றால் 426 ஹெமி என்ற எஞ்சின். 69 செவ்ரோலேயில் அந்த வசதி இல்லை. 124 என்று தொடங்கினால் வி8 (எட்டு சிலிண்டர்) கமேரோ, அவ்வளவுதான்.

மீதியை எஞ்சினில் பார்க்க வேண்டும். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால் சின்னதாக ஒரு தட்டைப் பரப்பு இருக்கும். அதில் 'டி0325எம்என்' என்று இருந்தால்: டோனாவாண்டா ஆலை, மார்ச் 25, கையால் கியர் போடும் 425 குதிரைசக்தி 427. ஆட்டோமேட்டிக் என்றால் 'எம்ஓ'. அங்கேயோ ஆயில் ஃபில்டர் பக்கமோ '19என்' என்று தொடங்கும் எண்ணின் கடைசி ஆறு இலக்கம் வண்டி எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பிளாக்கின், அதாவது எஞ்சினின் அடிப்படை வார்ப்பின், தேதி 'சி159' என்றால் 1969 மார்ச் 15. வார்ப்பு முந்தி, எஞ்சின் பூட்டியது அடுத்து, வண்டி கடைசி. மே மாதம் வார்த்த பிளாக் ஏப்ரல் வண்டிக்குள் எப்படிப் போகும்?

எல்லாம் பொருந்தினால் அப்புறம்தான் என் தொழிலே. எங்கள் பக்கம் சீர்ச் சாமானில் வீட்டு விலாசம் வெட்டியிருக்கும். அதை அரைத்துவிட்டுப் பெரிய வீட்டு விலாசமாக வெட்டிய அண்டா ஒன்றை வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். எழுத்து அச்சாக இருந்தது. சுற்றிலும் விரல் வைத்தால் பள்ளம். எஞ்சினிலும் எழுத்தை விட்டுவிட்டுப் பரப்பைப் பாருங்கள். ஆலையில் இழைத்தபோது விழுந்த மெல்லிய கோடுகள் எழுத்துக்கு அடியில் முன்பின்னாக நேராக ஓட வேண்டும். வழவழவென்று இருந்தாலோ எமரி தேய்த்த வட்டம் தெரிந்தாலோ சந்தேகம்தான். எஞ்சின் வேலை பார்த்து மேல்பரப்பை இழைத்திருந்தாலும் கோடு போய்விடும். சரி, அது பொய் வண்டி என்று ஆகிவிடாது. ஆனால் கோப்போ விலை கொடுக்காதீர்கள்.

படம் கேட்கும்போது கம்பிப் பிரஷ் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துணியில் பிரேக் கிளீனர் தொட்டுத் துடைத்து, டார்ச்சைச் சாய்த்து அடித்து எடுக்கட்டும்.

போன மாதம் இசட்எல்1 என்று ஒன்று வந்தது. அலுமினிய பிளாக் 427, 1969-இல் கமேரோவிலும் ஓரிரு கார்வெட்டிலும் மட்டுமே போட்டது. காந்தத்தைக் கொண்டுபோடா என்றேன். பிளாக்கில் சப்பென்று ஒட்டிக்கொண்டதாம்.