துணைக்கு இருப்பவர்களே, இந்தக் கிருமிக்கு சானிடைசர் போதாது

கோத்தகிரியில் மார்கழி, தை மாதங்களில் குழாயைத் திறந்தால் விரல் மரத்துப்போகும். போன வருஷம் அம்மாவை நிமோனியாவுக்காக ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நானும் தண்ணீர்ப் பக்கமே போகாமல், கட்டிலோரம் மாட்டியிருந்த சானிடைசரைத் தேய்த்துக்கொண்டு, கை சுத்தமாக இருப்பதாகவே நம்பினேன். ஆறாம் நாள் அம்மாவுக்குப் பேதி பிடித்தது, ஒரே பகலில் ஏழு தடவை. பரிசோதனையில் வந்த கிருமியின் பெயர் க்ளாஸ்ட்ரிடியாய்டிஸ் டிஃபிசில், சுருக்கமாக சி.டிஃப்.

நிமோனியா போன்றவற்றுக்குக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் நோய்க்கிருமியோடு சேர்த்துக் குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழித்துவிடுகிறது, அந்தக் காலி இடத்தில் இது பெருகி நஞ்சைக் கக்குகிறது. 1935-லேயே பச்சிளம் குழந்தைகளின் மலத்தில் இதைக் கண்டுவிட்டார்கள், ஆனால் ஆன்டிபயாடிக்குக்குப் பின் வரும் கடுமையான குடல் அழற்சிக்கு இதுதான் காரணம் என்று தெரிந்தது 1978-ல்தான். 65 வயதைத் தாண்டியவர்களுக்கு ஆபத்து அதிகம். மருந்து சாப்பிடும்போது மட்டுமல்ல, முடித்து ஓரிரு மாதம் கழித்தும் வரலாம். அதனால் ஒரு நாளில் மூன்று தடவையோ அதற்கு மேலோ தண்ணியாகப் போனால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். பேதியை நிறுத்தும் மாத்திரையை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள், நஞ்சு உள்ளேயே தங்கிவிடும். பேதி சட்டென்று நின்று வயிறு உப்பினால் அது குணமான அறிகுறி இல்லை, டாக்டரைக் கூப்பிடுங்கள்.

இப்போது கை. இந்தக் கிருமி உடம்புக்கு வெளியே வந்ததும் ஸ்போர் என்ற கெட்டி ஓட்டுக்குள் ஒடுங்கிவிடும். கட்டில் கம்பியிலும் கதவுப் பிடியிலும் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். சானிடைசரில் இருக்கும் ஆல்கஹால் அந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்து, ஓடும் தண்ணீரில் அலசித் தள்ள வேண்டும். தேய்ப்பதில்தான் எல்லாமே இருக்கிறது என்பதால் பச்சைத் தண்ணீரே போதும். ஆனால் நம் ஊர்க் குளிரில் பச்சைத் தண்ணீரில் யாரும் ஐந்து விநாடிக்கு மேல் கை நீட்டுவதில்லையே, அதனால் நான் ஃப்ளாஸ்கில் வெந்நீர் வாங்கிவந்து ஒரு மக்கில் விளாவி, அம்மாவின் டயப்பரை மாற்றிய ஒவ்வொரு தடவையும், விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று அரை நிமிஷத்துக்குக் குறையாமல் தேய்த்துவிட்டு, விளாவிய தண்ணீரை மேலிருந்து ஊற்றிக் கழுவினேன். டயப்பர் மாற்றும்போது கையுறை போட்டிருந்தாலும் கழற்றியபின் கழுவத்தான் வேண்டும். பார்க்க வருபவர்களைக் கட்டிலில் உட்கார விடாதீர்கள்.

சிகிச்சையின்போது ஒன்றைப் பார்த்துத் திகைத்தேன். வான்கோமைசின் ஊசி மருந்துத் தூளை நர்ஸ் தண்ணீரில் கலந்து குடிக்கக் கொடுத்தார். ஊசியாகப் போட்டால் மருந்து குடலுக்குள் சேராது, வாய்வழியாகத்தான் கொடுக்க வேண்டும் என்றார். கூடவே ஓஆர்எஸ் கரைசலை மடக்கு மடக்காகக் கொடுத்துக்கொண்டே இருங்கள். கீழே கோயம்புத்தூருக்கு மாற்றச் சொன்னால், மேட்டுப்பாளையம் வரை கொண்டை ஊசி வளைவுகளில் நோயாளி இன்னும் துவண்டுவிடுவார். கரைசலையும் இரண்டு டயப்பரையும் கையில் எடுத்துக்கொண்டு, சி.டிஃப் என்று ஆம்புலன்ஸ்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முடிந்தால் நோயாளிக்குத் தனிக் கழிப்பறை. எஸ்டேட் லைன் வீட்டில் அது நடக்காது, சரி, அப்படியானால் ஒவ்வொரு தடவைக்குப் பிறகும் பீங்கான், குழாய்த் திருகு, தாழ்ப்பாள், மக்கு எல்லாவற்றையும் முதலில் சோப்பால் கழுவிவிட்டு, கடையில் விற்கும் திரவ ப்ளீச் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து துடைத்து, 10 நிமிஷம் ஈரமாக விடுங்கள். அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். டாய்லெட் கழுவும் ஆசிட்டோடு மட்டும் இதைச் சேர்த்துவிடாதீர்கள், விஷவாயு கிளம்பும். மூடுபனி என்று ஜன்னலைச் சாத்திவைத்திருந்தால் அதையும் திறந்துவிடுங்கள்.

குணமானவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது திரும்ப வருகிறது. ஆகவே டிஸ்சார்ஜ் தாளில் சி.டிஃப் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் சளி, காய்ச்சல் என்று எந்த டாக்டரிடம் போனாலும், அவர் ஆன்டிபயாடிக் எழுதுவதற்கு முன் அந்தத் தாளை எடுத்து நீட்டுங்கள்.