பழைய படங்களில் ஓடும் பிரிட்டிஷ் லோரிகளை அடையாளம் காண்பது எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: டிரைவர் உட்காரும் கேபினை மட்டும் பார்த்து லோரியின் பெயரைச் சொல்லாதீர்கள். கோலாலம்பூர் செந்தூலில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் நான் கவுண்டரில் நின்ற காலத்தில், யாராவது வந்து "லேலண்டுக்குக் கதவுக் கண்ணாடி வேணும்" என்றால் உடனே அலமாரிப் பக்கம் போக மாட்டோம். "முன்பக்கம் எப்படி இருக்கும், அண்ணே?" என்றுதான் கேட்போம். பிரிட்டனில் பல கம்பெனிகள் கேபினை வெளியே செய்யக் கொடுத்து வாங்கின. பிரிக்ஸ் கம்பெனி செய்த ஒரே கேபின், 1940களின் கடைசியில் வந்த லேலண்ட் காமெட், ஃபோர்ட்சன் தேம்ஸ், லண்டன் கியூவில் தயாரான டாட்ஜ் மூன்றிலும் உண்டு. பத்து வருடம் கழித்தும் அதே கதைதான். லேலண்ட், ஆல்பியன், டாட்ஜ் மூன்றும் ஒரு கேபினைப் பங்கு போட்டுக்கொண்டன. மூன்று பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து அதை 'லாட்' கேபின் என்றே அழைத்தார்கள்.

படத்தை எங்கே நிறுத்துவது என்பதில்தான் பாதி வேலை இருக்கிறது. லோரி நேராக நம்மை நோக்கி வரும்போது நிறுத்தாதீர்கள், மூக்கின், அதாவது கேபினுக்கு முன்னால் நீளும் இஞ்சின் மூடியின், நீளம் தெரியாது. வளைவில் திரும்பும் இடத்தில் நிறுத்துங்கள். முன்பக்கம், கதவு, சக்கரங்கள் மூன்றும் ஒரே நேரத்தில் கிடைக்கும். யூடியூப் என்றால் நிறுத்திவிட்டு விசைப்பலகையில் முற்றுப்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் முன்னே போகும், காற்புள்ளியைத் தட்டினால் ஒரு ஃபிரேம் பின்னே. ஸ்டியரிங் இடப்பக்கம் தெரிந்தால் அவசரப்படாமல் கடைப் பலகைகளைப் பாருங்கள். எழுத்து கண்ணாடியில் பார்த்ததுபோல் இடவலம் மாறி இருந்தால் பிம்பமே புரட்டப்பட்டிருக்கிறது. சத்தத்தை நம்ப வேண்டாம், அது பெரும்பாலும் பிறகு சேர்த்த சத்தம்.

அப்புறம் மூக்கு. நீண்ட உருண்டை மூக்கு என்றால் முதலில் பெட்ஃபோர்டை நினையுங்கள். 1939இல் வந்த ஓ வகை 1953 வரை ஓடியது. அதற்குப் பின் வந்த ஏ வகை இன்னும் அகலம், கொழுத்த கன்னம், பார்த்தால் அமெரிக்க வண்டி மாதிரி இருக்கும். அதில் ஆச்சரியமில்லை, பெட்ஃபோர்டைச் செய்த வாக்ஸால் கம்பெனி 1925 முதல் ஜெனரல் மோட்டார்ஸ் கையில் இருந்தது. ஓ வகையோடு குழப்புவது ஆஸ்டின். அந்தக் காலத்திலேயே அதற்கு 'பர்மிங்ஹாம் பெட்ஃபோர்ட்' என்று பட்டப்பெயர். முன்பக்கத்தில் இருக்கும் பெயரைப் படிக்க முடியாவிட்டால் இரண்டில் ஒன்று என்று எழுதிவையுங்கள், போதும். கியூ டாட்ஜின் மூக்கு கீழ்நோக்கி வளைந்திருக்கும். ஆங்கிலேயர்களே அதைக் கிளிமூக்கு என்றுதான் சொன்னார்கள், ஒருமுறை பார்த்தால் மறக்காது. மூக்கு நீளமாகவும் இல்லாமல், தட்டையாகவும் இல்லாமல் பாதியில் நின்றால் தேம்ஸ் டிரேடராக இருக்கலாம். அது 1957இல்தான் வந்தது. 1955இல் வெளியான படத்தில் அதைக் கண்டேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

தட்டை முகத்தில் எனக்கு மிகவும் பிடித்தது பெட்ஃபோர்ட் டிகே. 1960 வாக்கில் வந்தது. எங்கள் கடையில் அதிகம் விற்றதும் அதன் சாமான்தான். இதன் இஞ்சின் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் இருக்கும், பக்கவாட்டு மூடியைத் திறந்து வேலை பார்க்கலாம். அதனால் கதவு முடிந்ததும் கேபின் முடியாது. கதவுக்கும் மரப் பாடிக்கும் நடுவில் ஒரு குறுகலான தகட்டுத் துண்டு தெரியும். முகம் மறைந்திருந்தாலும் அந்தத் துண்டை வைத்தே டிகே என்று சொல்லிவிடலாம்.

பெரிய லோரிகளுக்கு ரேடியேட்டர் பேசும். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல நிறம் தெரியாவிட்டாலும் ஏஇசி (AEC) கம்பெனியின் முக்கோணம் தெரியும். ஆல்பியனுக்கு உதிக்கும் சூரியன். அட்கின்சனுக்கு வட்டத்துக்குள் பெரிய ஏ. கை (Guy) என்ற கம்பெனியின் லோரிக்கு ரேடியேட்டர் மூடியில் செவ்விந்தியத் தலைவரின் தலை. முன்னால் இரண்டு அச்சு, பின்னால் இரண்டு அச்சு என்று மொத்தம் எட்டுச் சக்கர இடம் இருந்தால் லேலண்ட் ஆக்டோபஸ், ஏஇசி மேமத் மேஜர், ஃபோடன், ஈஆர்எஃப் என்று பட்டியல் சட்டென்று சுருங்கிவிடும்.

தமிழ்ப் படம் பார்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 1950களின் பிற்பகுதிப் படங்களில் வரும் உருண்டை மூக்கு லோரி எல்லாம் பிரிட்டிஷ் அல்ல. முன்பக்கம் மூன்று முனை நட்சத்திரம் இருந்தால் அது டாட்டா மெர்சிடிஸ் பென்ஸ், 1954 முதல் இந்தியாவில் செய்தது. சென்னைத் தயாரிப்பான அசோக் லேலண்ட் காமெட்தான் நம் கணக்கில் வரும்.

நம்பர் பிளேட் லோரியின் ஜாதகத்தைச் சொல்லாது, ஊரையும் காலத்தையும் சொல்லும். பினாங்குக்கு ஆங்கில 'P', சிலாங்கூருக்கு 'B', சிங்கப்பூருக்கு எஸ். சிங்கப்பூர் ஜாலான் அம்பாஸில் எடுத்த மலாய்ப் படங்களில் எஸ் நிறைய வரும். கோலாலம்பூரின் டபிள்யூ, 1974இல் கூட்டரசுப் பிரதேசம் ஆன பிறகு வந்தது. பிரிட்டிஷ் படத்தில் பிளேட்டில் மூன்று எழுத்து, பிறகு எண், கடைசியில் தனி எழுத்து என்ற வரிசை இருந்தால் வண்டி 1963க்கு முந்தியதல்ல.

மலாயா அவசரகாலத்துச் (1948–60, கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக் காலம்) செய்திப் படங்களைத் தனியாகப் பார்க்க வேண்டும். 1946இல் தொடங்கிய மலாயன் ஃபிலிம் யூனிட் எடுத்தவற்றில் ராணுவ லோரிகள் வரிசையாகப் போகும். போர்க்காலத்துக் கியூஎல் (QL) வகை பெட்ஃபோர்டும் வரும், 1950களின் ஆர்எல் (RL) வகையும் வரும். ஆர்எல்லின் முகம், ஊருக்குள் ஓடிய எஸ் வகை பெட்ஃபோர்டின் முகம்தான். கீழே பாருங்கள்: ஆர்எல் தரையிலிருந்து உயரமாக நிற்கும், முன் அச்சும் இழுக்கும், பின்னால் பக்கத்துக்கு ஒரே டயர். சாமான் ஏற்றும் எஸ் வகைக்குப் பின்னால் இரட்டை டயர்.