வந்தாறுமூலைக் கம்பஸுக்கு வரும் புதியவர்களும் பெற்றோரும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு இடம் கிடைத்த செய்தி வந்ததும் பல வீடுகளில் உடனே மட்டக்களப்பு நகரத்தில் தங்குமிடம் தேடத் தொடங்குகிறார்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. கம்பஸ் நகரத்தில் இல்லை. நகரத்திலிருந்து வடக்கே சுமார் 16 கிலோமீற்றர் தள்ளி, திருகோணமலை வீதியில், செங்கலடி தாண்டி வந்தாறுமூலையில் இருக்கிறது. நகரத்தில் அறை எடுத்துக்கொண்டு தினமும் பஸ் நெரிசலில் போய்வருவது முதல் சில வாரம் பெரிதாகத் தெரியாது. பரீட்சை நெருங்கும்போதுதான் உடம்பு கேட்கும்.

இடம் சரியாகத் தெரியாததால் வரும் வழியிலும் அலைச்சல். யாழ்ப்பாணம், வவுனியா, கொழும்புப் பக்கமிருந்து பொலன்னறுவை வழியாக மட்டக்களப்புக்கு வரும் பஸ்கள் ஓட்டமாவடி, வாழைச்சேனை, கிரான், சித்தாண்டி என்று வந்து, கம்பஸைக் கடந்துதான் நகரத்துக்குப் போகின்றன. இது தெரியாமல் பெட்டி படுக்கையோடு நகரம் வரை போய் இறங்கி, திரும்ப இன்னொரு பஸ் பிடித்து வந்த வழியே வருகிற குடும்பங்கள் ஏராளம். ஏறும்போதே நடத்துநரிடம் "வந்தாறுமூலைக் கம்பஸடியில இறக்குங்க" என்று சொல்லிவிடுங்கள். பதுளை, பிபிலைப் பக்கமிருந்து மகாஓயா வழியாக வருகிறவர்களுக்கு அந்த வீதி முடிகிற இடமே செங்கலடிச் சந்திதான். அங்கே இறங்கினால் போதும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பிள்ளைகள் மட்டும் நகரத்தில் பஸ் மாற வேண்டும். ரயிலில் வருகிறவர்கள் வந்தாறுமூலைக்கும் ஒரு சின்ன ரயில் நிலையம் இருக்கிறதுதானே என்று நம்பி ஏறிவிடக் கூடாது. எல்லா ரயிலும் அங்கே நிற்காது. ஏறாவூரில் இறங்குவதா என்பதை முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

அதற்கும் முதல் அனுமதிக் கடிதத்தை ஆறுதலாக வாசியுங்கள். கிழக்குப் பல்கலைக்கழகம் என்ற ஒரே பெயருக்குள் பல இடங்கள் உண்டு. விவசாயம், விஞ்ஞானம், கலை, வணிகம் எல்லாம் வந்தாறுமூலையில். மருத்துவமும் தாதியியலும் படிக்கிறவர்களுக்கு மட்டக்களப்பு நகரப் பக்கம், போதனா வைத்தியசாலையோடு சேர்ந்த படிப்பு. அவர்கள் நகரத்தில் தங்குவதுதான் சரி. இசை, நடனம், நாடகம் என்றால் கல்லடியில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம். சித்த மருத்துவம் என்றால் திருகோணமலை வளாகம். அது கோணேசபுரியில், முழுதாக வேறு மாவட்டம். இன்னொரு குழப்பமும் அடிக்கடி நடக்கிறது. ஒலுவிலில் இருக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகம். அது அம்பாறை மாவட்டத்தில் இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடமோ ஒலுவிலில் இல்லை, சம்மாந்துறையில். இரண்டு பெயரும் காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதால் தவறான ஊரில் முற்பணம் கட்டுகிறவர்களும் உண்டு.

சரி, போர்டிங் விஷயத்துக்கு வருவோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. வெயில் காலத்தில் வந்து அறையைப் பார்த்து, முற்றம் பெரிது, வேம்பு நிழல் நல்லது என்று மனம் நிறைந்து ஒரு வருடத்துக்குப் பேசிவிடுவார்கள். கச்சான் காற்று அடிக்கும் ஆனி ஆடியில் இங்கே எந்த வளவும் காய்ந்துதான் கிடக்கும். கார்த்திகை மார்கழியில் அதே வளவைப் பார்க்க வேண்டும். மட்டக்களப்பின் மழையில் பெரும்பகுதி வருடக் கடைசி மாதங்களிலும் தையிலும்தான் கொட்டுகிறது. மேற்கே உறுகாமக் குளம் நிரம்பி வான் பாயத் தொடங்கினால் முந்தனை ஆற்றுப் பக்கத்துத் தாழ்நிலம் எல்லாம் தண்ணீர். கிரான் - புலிபாய்ந்தகல் வீதி மூழ்கிப் படகு ஓடுவது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 2011 தை மாத வெள்ளத்தை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

ஆகவே அறையைப் பார்க்கும்போது சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள். முழங்கால் உயரத்தில் மங்கலாக ஒரு பழுப்புக் கோடு ஓடினால் வெள்ளம் அதுவரை வந்திருக்கிறது என்று அர்த்தம். புதிதாகச் சுண்ணாம்பு அடித்திருந்தால் கதவு நிலையின் காலைப் பாருங்கள், ஊறி உப்பிய மரம் ஒளிக்காது. கிணற்றுக் கட்டு எவ்வளவு உயரம், மலசலகூடக் குழி அதிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள். வெள்ளம் வடிந்த பிறகு வரும் வயிற்றோட்டத்துக்குப் பெரும்பாலும் காரணம் அந்தக் கிணறுதான். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கக் கேத்தல் பாவிக்கலாமா, கரண்ட் பில் தனியா பொதுவா என்பதையும் பணம் கொடுக்கும் முன் பேசி முடியுங்கள். கொடுத்த முற்பணத்துக்கு ஒரு துண்டிலாவது கையெழுத்து வாங்குங்கள். வீட்டுக்காரம்மா "என்ன மனே, எங்கள நம்பலியா" என்று கேட்பார். பரவாயில்லை, சிரித்துக்கொண்டே வாங்குங்கள்.

இன்னொரு தவறு மெல்ல மெல்ல நடக்கிறது. நாலு வருடம் இங்கே இருந்துவிட்டு, கம்பஸ் வாசலுக்கும் செங்கலடிச் சந்திக்கும் அப்பால் எதுவும் தெரியாமல் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஊர்க்காரரை வெளியாள்போலப் பார்ப்பதும் இதனால்தான். இந்தக் கம்பஸ் 1981 ஓகஸ்டில், மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி என்ற பெயரில், வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலய வளாகத்தில் தொடங்கியது. ஊர்ப் பிள்ளைகள் படித்த இடம். 1986இல் பல்கலைக்கழகமானது. 1990இல் போர் மூண்டபோது சுற்றியுள்ள கிராமத்துச் சனம் ஆயிரக்கணக்கில் இந்த வளாகத்துக்குள்தான் தஞ்சம் புகுந்தது. அந்த வருடம் செப்டம்பர் 5ஆம் திகதி இங்கிருந்து பிடித்துச் செல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அவர்களுடைய உறவுகள் இந்த ஊர்களில்தான் வாழ்கிறார்கள். நீங்கள் பால் வாங்கும் வீடாகவும் அது இருக்கலாம். இது தெரியாமல் "இந்த ஊர்ச்சனம் இப்படித்தான்" என்று வாய்க்கு வந்ததைப் பேசுவது பெரிய பிழை.

படிப்புக்கும் ஊர் தேவை. வடமோடி, தென்மோடி என்ற இரண்டு வகைக் கூத்தைப் பற்றி ஒப்படை எழுத இணையத்தில் தேடிக்கொண்டிருப்பார்கள், பக்கத்து ஊரில் அண்ணாவியார் பிள்ளைகளுக்கு ஆட்டம் பழக்கிக்கொண்டிருப்பார். நுண்கலைத் துறையில் இருந்த பேராசிரியர் சி. மௌனகுரு போன்றவர்கள் கூத்தாடும் களரிக்கே போய்த்தான் கூத்தைப் படித்தார்கள். வைகாசியில் கண்ணகி அம்மன் சடங்கு வந்தால் இரவில் ஒலிபெருக்கி கேட்கத்தான் செய்யும். அதற்காக முறைப்பட வேண்டாம், ஒருநாள் போய் நின்று பாருங்கள்.

கடைசியாகப் பகிடிவதை (ராகிங்). "எல்லாரும் பட்டதுதானே, கொஞ்ச நாள் பொறு" என்று பிள்ளைக்குச் சொல்லும் பெற்றோர் மிகவும் தவறு செய்கிறார்கள். 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டப்படி அது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிள்ளை வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் இருந்தால், போன் அடித்தால் பதறினால், திங்கட்கிழமை காலையில் கிளம்பத் தயங்கினால் இருத்திக் கேளுங்கள். முறைப்பாட்டை எழுத்தில் கொடுங்கள். திகதி, நேரம், இடம் மூன்றும் அதில் இருக்க வேண்டும். வந்த குறுஞ்செய்திகளை அழிக்க விடாதீர்கள், முறைப்பாட்டின் ஒரு பிரதி வீட்டிலும் இருக்கட்டும்.