ஒன்ராறியோவில் வான்கோழி வேட்டை: வில்லை எடுக்குமுன் நிலத்தைப் பாருங்கள்

ஒன்ராறியோவுக்குப் புதிதாக வந்து, வசந்தம் பிறந்ததும் குடும்பத்தோடும் நண்பர்களோடும் காட்டு வான்கோழி வேட்டைக்குப் போக விரும்பும் தமிழர்களுக்காக இதை எழுதுகிறேன். வன்னியில் வளர்ந்தவர்களுக்கு வேட்டை புதிதல்ல. பரண் கட்டிக் குளக்கரையில் விடிய விடியக் காத்திருந்ததையும், கிடைத்ததைப் பங்கு போட்டு அயலுக்கெல்லாம் கொடுத்ததையும் நேரில் கண்டவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைக்கு வாசலை அடைத்துவிட்டதால், தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இது முழுக்கப் புதிய உலகம். ஆனால் இரு சாராரும் இங்கே தடுக்கி விழுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான்: இரை போட்ட நிலத்தில். மார்க்கம் நகரில் வசிக்கும் என் நண்பர் ஒருவரும் அங்கேதான் விழுந்தார். அலுவலக நடைமுறைகளை விரைவாகச் சொல்லிவிட்டு அந்த விடயத்துக்கு வருகிறேன்.

முதலில் வேட்டைப் பயிற்சி வகுப்பை முடித்துத் தேர்வில் தேற வேண்டும். பிறகு வில்லுக்கு மட்டும் செல்லும் வெளிக்கள அட்டையையும் (Outdoors Card), அதன்மேல் வான்கோழிக்கான தனி உரிமத்தையும், வீழ்த்தும் பறவையைக் குறிப்பதற்கான அடையாளச் சீட்டையும் பெற வேண்டும். வில்லுக்குத் துவக்கு (துப்பாக்கி) உரிமம் தேவையில்லை. விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 12 மாதங்களுக்குள் தொடர்ச்சியாக 6 மாதமாவது இங்கே வாழ்ந்திருந்தால்தான் மாகாணவாசி என்று கணக்கில் எடுப்பார்கள். ஆதலால் மாசியில் வந்திறங்கியவர் அந்த வசந்தத்தில் அவசரப்பட வேண்டாம். வில் பழகுவதற்கு அந்த ஆண்டைப் பயன்படுத்துங்கள். 12 வயது நிறைந்த பிள்ளைகளும் பயிற்சி முடித்து, பெற்றோரின் சம்மதத்தோடு, உரிமமுள்ள பெரியவரின் நேரடி மேற்பார்வையில் வரலாம். பருவம் ஏப்ரல் 25 முதல் மே 31 வரை. நேரம் சூரிய உதயத்துக்கு அரை மணி நேரம் முன்பிருந்து மாலை 7 மணி வரை. எய்யக்கூடியது தாடியுள்ள பறவையை மட்டுமே. தாடி என்பது மார்பிலிருந்து தொங்கும் கரிய மயிர்க்கற்றை. சில பேடுகளுக்கும் (பெண் பறவைகளுக்கும்) அது இருக்கும். வேட்டை திறந்திருக்கும் மேலாண்மைப் பிரிவுகளின் (வேட்டைக்காக மாகாணத்தைப் பிரித்திருக்கும் வட்டாரங்களின்) பட்டியலை ஒவ்வோர் ஆண்டும் புதிதாகப் பாருங்கள்.

வில்லைப் பற்றி ஒரு விடயத்தைப் பலர் தவறவிடுகிறார்கள். இந்த மாகாணத்தின் வனவிலங்குச் சட்டத்தில் வில்லும் துவக்கின் வரிசையிலேயே வருகிறது. அதனால் விடியுமுன் இருட்டில் வயலைக் கடந்து மறைப்புக் கூடாரத்துக்கு நடக்கும்போது வில் உறைக்குள் இருக்க வேண்டும். அம்பு நாணில் ஏறியிருக்கக் கூடாது. நாணை 700 மில்லிமீற்றருக்குள் இழுக்கும்போதே குறைந்தது 18 கிலோ இழுவிசை தரும் வில்லும், 22 மில்லிமீற்றருக்குக் குறையாத அகலமும் கூரிய வெட்டுமுனைகளும் உள்ள அம்புத்தலையும் வேண்டும்.

இந்தப் பறவையின் கதையையும் தெரிந்துகொள்வது நல்லது. கட்டுப்பாடற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஒன்ராறியோவில் காட்டு வான்கோழி அற்றுப்போயிருந்தது. 1984 முதல் அமெரிக்காவின் மிசூரி, மிச்சிகன் போன்ற மாநிலங்களிலிருந்து பிடித்துவந்த பறவைகளை விட்டு, காத்து, பெருக்கி, 1987இல்தான் முதல் வசந்தகால வேட்டையைத் திறந்தார்கள். விதிகள் இவ்வளவு இறுக்கமாக இருப்பதற்கு இந்த வரலாறே காரணம். அழிந்த ஓர் இனத்தைத் திரும்பக் கொண்டுவந்த நாட்டில் வேட்டையாடுகிறோம் என்ற மரியாதை நமக்கு வேண்டும்.

இனி, நண்பரின் பணத்தையும் மானத்தையும் தின்ற பொறிக்கு வருகிறேன். இரை போட்ட இடத்திலிருந்து 400 மீற்றருக்குள் வான்கோழி வேட்டையாடுவது குற்றம்; அந்த இடத்தில் இரை எதுவும் இல்லாமல் 7 நாளாவது கழிந்திருந்தால்தான் அங்கே உட்காரலாம். நம் ஊரில் இரை போட்டுப் பழக்கி மிருகத்தை வரவைப்பது வேட்டைக்காரனின் கெட்டித்தனம். காகத்துக்குச் சோறு வைத்த பிறகே சாப்பிடும் வீடுகளில் வளர்ந்த நமக்கு, பறவைக்குத் தானியம் தூவுவது குற்றமாகும் என்ற எண்ணமே எழாது. அந்தப் பழக்கத்தைத்தான் ஒருவர் காசாக்கினார்.

நம்மவர்களிடையே வார இறுதி வேட்டைப் பயணங்களை ஒழுங்கு செய்யும் ஒருவர், தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு, ரைஸ் லேக் ஏரிக்கு அப்பால் ஒரு பண்ணையில் என் நண்பருக்கும் அவருடைய மச்சானுக்கும் வேறு இரு நண்பர்களுக்கும் இடம் பிடித்துக் கொடுத்தார். கூடாரங்கள் முன்கூட்டியே அடிக்கப்பட்டிருந்தன. "அண்ணை, நீங்கள் போய் இருந்தால் போதும், கோழி தானாக வரும்" என்று அவர் உறுதியளித்தாராம். கோழி வந்தது, நண்பரின் அம்பும் தவறவில்லை. பறவையை எடுக்கப் போனபோது, மரவேலியின் மறுபக்கத்திலிருந்து வனவிலங்குப் பாதுகாப்பு அதிகாரி நடந்து வந்து, உரிமத்தைச் சரிபார்த்து, பிறகு அவர்களை வேலிக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே புல்லைச் செருப்புக்காலால் விலக்கினாலே தெரியும்படி, ஈரமான கறுத்த மண்ணில் உமி கூட உரியாத புத்தம்புது மஞ்சள் சோளம் நீளமாகக் கொட்டிக் கிடந்தது. சுற்றிலும் பேடுகள் கீறிய தடங்கள். சாக்கின் வெள்ளை நூல் ஒன்று முள்ளில் தொங்கிக்கொண்டிருந்தது.

பறவையும் வில்லும் அந்த இடத்திலேயே பறிமுதலாயின. நீதிமன்ற அழைப்பாணை நண்பரின் பெயருக்கு வந்தது. பணம் வாங்கியவரின் தொலைபேசி அன்றிலிருந்து பதில் சொல்லவில்லை. புதிதாக வந்து, ஒவ்வொரு டொலரையும் எண்ணிச் செலவழிக்கும் குடும்பங்களிடம், ஒரே மொழி பேசுகிறோம் என்ற நம்பிக்கையை வைத்து இப்படிச் செய்தவரை நினைத்தால் எனக்கு இன்றும் ஆத்திரம் அடங்கவில்லை.

"சோளம் கிடந்தது எனக்குத் தெரியாது" என்பது இங்கே தனியாக நிற்கும் வாதமல்ல. இவ்வகைக் குற்றங்களில், நியாயமான கவனம் அனைத்தும் எடுத்தேன் என்று குற்றம் சாட்டப்பட்டவரே காட்ட வேண்டும். எவரிடம் கேட்டீர்கள், எங்கே நடந்து பார்த்தீர்கள், எப்போது பார்த்தீர்கள் என்பதற்கெல்லாம் பதில் இருக்க வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பு 25,000 டொலர். ஓராண்டு வரை சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. அந்த அளவுக்கு என் நண்பருக்கு நேரவில்லை என்றாலும், சட்ட உதவிக்கும் அபராதத்துக்கும் போன தொகை அவர் ஊரிலுள்ள தாயாருக்கு அனுப்ப வைத்திருந்த பணம்.

ஆகவே, எவர் ஒழுங்கு செய்த இடமானாலும், வேட்டைக்கு ஒரு வாரத்துக்கு முன் பகலில் நீங்களே போய் நடந்து பாருங்கள். வேட்டைக்கு முதல்நாளும் ஒரு தடவை பாருங்கள். கைபேசி வரைபடத்தில் உங்கள் கூடாரத்தை நடுவில் வைத்து 400 மீற்றரை அளந்தால், அது பக்கத்துக் காணிக்குள்ளும் போவதைக் காண்பீர்கள். அங்கே மானுக்கு வைத்த தீவனத் தொட்டி இருக்கிறதா என்பதும் உங்கள் கேள்விதான். வழக்கமான அறுவடையில் சிந்திய சோளம் அடித்தாள்களின் வரிசை நெடுகப் பரவலாகக் கிடக்கும், பனிக்காலம் முழுவதும் நனைந்து நிறம் மங்கியிருக்கும். கொட்டிய சோளம் ஒரே இடத்தில், பளிச்சென்று, வாகனம் வந்து திரும்பிய தடத்துக்கு அருகில் இருக்கும். ஐயம் வந்தால் படமெடுத்து வைத்துக்கொண்டு இடத்தை மாற்றுங்கள். காணிக்காரரிடம் நேரடியாக, "இந்தப் பருவத்தில் இங்கே யாராவது தானியம் போட்டார்களா" என்று கேட்டு, பதிலை எழுத்திலோ குறுஞ்செய்தியிலோ வாங்கிக்கொள்ளுங்கள். காணிக்காரரைச் சந்திக்க விடமாட்டேன் என்கிற ஒழுங்கமைப்பாளருக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள்.

காணிக்காரரைச் சந்திப்பது உண்மையில் கடினமுமல்ல. நோர்தம்பர்லாண்ட், பீற்றர்பரோ, கவாத்தா லேக்ஸ் பக்கங்களில் பங்குனி மாதத்தில் பகல் வேளையில் போய்க் கதவைத் தட்டி, பெயரைச் சொல்லி, எந்த நாட்களில் எத்தனை பேர் வருவோம் என்று தெளிவாகக் கதைத்தால், மறுப்பவர்களும் மரியாதையோடுதான் மறுப்பார்கள். நாங்கள் போகும் பண்ணையின் முதியவர், என் தகப்பனாரும் கமக்காரர் என்று அறிந்ததும், மழையைப் பற்றியும் விதைநெல்லைப் பற்றியும் கேட்டுக் கேட்டு என்னை ஒரு மணி நேரம் வாசலிலேயே நிறுத்தி வைத்தார். கிளிநொச்சி வயல்களைப் பற்றி அவ்வளவு ஆர்வமாக இந்த நாட்டில் என்னிடம் வேறு யாரும் கேட்டதில்லை. மரங்களில் சிவப்பு வட்டம் பூசியிருந்தால் உள்ளே நுழையவே கூடாது. பயிரிட்ட நிலத்துக்கு எந்த அடையாளமும் இல்லாவிட்டாலும் அனுமதி வேண்டும்.

கூட்டமாகப் போகும்போது இன்னொரு பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். இறைச்சியைப் பங்கு போடலாம், சீட்டைப் பங்கு போட முடியாது. மான் வேட்டையில் குழுவாகச் சேர்ந்து ஒருவர் சீட்டுக்கு மற்றவர் சுடுவதற்கு விதியுண்டு. வான்கோழிக்கு அது கிடையாது. எய்தவர் தம் சொந்தச் சீட்டில், பறவை விழுந்த உடனேயே, நாளையும் நேரத்தையும் வெட்டிக் குறிக்க வேண்டும். காத்திருப்பதும், தேடுவதும், பின்தொடர்வதும்கூடச் சட்டத்தின் பார்வையில் வேட்டைதான் என்பதால், உரிமம் எடுக்காத மைத்துனர் ஓர் அழைப்பொலி எழுப்பி உதவலாமே என்று நினைக்க வேண்டாம். கைபேசியில் பதிவுசெய்த கோழிச் சத்தத்தை ஓடவிடுவதும் தடை. வசந்தத்தில் நாயும் கூடாது. மரப்பெட்டி அழைப்பானும் கற்பலகை அழைப்பானும் மலிவு. ஒரு குளிர்காலம் பழகினால் பேட்டின் மெல்லிய கூப்பிடலை எவரும் எழுப்பலாம்.

வில்லோடு உட்காருபவருக்குப் பொறுமைதான் மூலதனம். வான்கோழியின் கண் மிகக் கூரியது, நிறங்களையும் பிரித்தறியும். கூடாரத்தின் உள்ளே கறுப்பு உடையில், பின்பக்கச் சாளரங்களை மூடிவிட்டு இருங்கள். பேட்டுப் பொம்மையையும் இளஞ்சேவல் பொம்மையையும் பத்துப் பதினைந்து அடி தூரத்தில் நிறுத்தினால், பெரிய சேவல் சிறகை நிலத்தில் உரசியபடி, தலை நீலமும் வெள்ளையும் சிவப்புமாக நிறம் மாற, அதனுடன் சண்டைக்கு வரும். அது சுழன்று திரும்பும்போது விரித்த வால் அதன் தலையை மறைக்கும் ஒரு கணம் வரும்; நாணை இழுக்க வேண்டியது அப்போதுதான். பருத்துத் தெரிகிற உடலில் பெரும்பகுதி இறகே, உயிர்நிலை ஒரு கைப்பிடியளவுதான். பக்கவாட்டில் நின்றால் சிறகின் மூட்டுக்கு, முதுகு காட்டி நின்றால் வாலின் அடிக்கு மேல் குறிவையுங்கள். பதினெட்டு மீற்றருக்கு அப்பால் எய்யாதீர்கள். இறகு இரத்தத்தை உறிஞ்சிவிடுவதால் காயம்பட்ட பறவை நிலத்தில் தடம் விடாது. அது ஓடிய திசையில் ஒரு மரத்தைக் கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு, வெள்ளை, நீலம் எதையும் உடம்பில் அணிய வேண்டாம். சேவலின் தலை என்று இன்னொரு வேட்டைக்காரர் எண்ணிவிடக்கூடும். சத்தம் கேட்ட திசையில் பதுங்கிப் போகவும் வேண்டாம். பறவையைச் செம்மஞ்சள் துணியில் சுற்றியே தூக்கி வாருங்கள். வீடு திரும்பியதும் பிள்ளைகளின் முழங்காலின் பின்பக்கத்தையும் தலைமுடியையும் உண்ணிக்காகத் தடவிப் பாருங்கள். கருங்கால் உண்ணி லைம் நோயைக் கொண்டுவரும். கடித்திருந்தால் நுண்ணிடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுத்து, தாமதிக்காமல் மருந்தகத்துக்குப் போங்கள். 2023 முதல் ஒன்ராறியோவில் மருந்தாளரே அதற்கான தடுப்பு மருந்தை எழுதித் தரலாம்.

சமையலில், நெஞ்சிறைச்சி மென்மையானது, அதிகம் வேகவிட்டால் காய்ந்துவிடும். கால்கள் நரம்பும் முறுக்குமாக இருக்கும். இரவு முழுவதும் உப்பு நீரில் ஊறவைத்து, பிறகு யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூளும் கறிவேப்பிலையும் சேர்த்து பிரஷர் குக்கரில் நன்றாக அவிய விட்டால்தான் பதமாகும். உண்ணத்தக்க இறைச்சியைப் பழுதாகவிடுவதும், அதை விற்பதும் இங்கே குற்றம், அயலவருக்குக் கொடுக்கலாம். காணிக்காரருக்கு முதல் பங்கைக் கொடுங்கள். வேட்டை அறிக்கையை ஜூன் 14க்குள் அரசுக்கு அனுப்புங்கள். பருவம் முழுவதும் ஒரு பறவையும் கிடைக்காதவரும், வயலுக்கே போகாதவரும் உரிமம் வாங்கியிருந்தால் அதை அனுப்பியே ஆக வேண்டும்.