கடைசி வரியில் மாறும் கணக்கு: அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் லாபியிங்கைப் பிரித்து எழுதும் முறை

அமெரிக்காவில் வரிச் சட்டத்தின் 501(சி)(3) பிரிவின் கீழ் வரிவிலக்குப் பெற்ற நிறுவனம், தமிழ்ச் சங்கமானாலும் ஆற்றைக் காக்கும் இயக்கமானாலும், சட்டமன்றம் இருக்கும் திசையில் தலைவைத்தும் படுக்கக் கூடாது என்ற அச்சம் நிர்வாகிகள் பலரிடம் உண்டு. அந்த அச்சம் தேவையற்றது. வேட்பாளரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும்தான் 1954 முதல் அறவே கூடாதவை. ஒரு சட்டம் வர அல்லது வராதிருக்கச் சட்டமியற்றுவோரை இணங்கவைக்க முயலும் லாபியிங்குக்குத் தடை இல்லை, அளவு மட்டுமே உண்டு.

முதல் வேலையாக 5768ஆம் எண் படிவத்தை வருமான வரித் துறைக்கு அனுப்பிவிடுங்கள். அனுப்பாத நிறுவனத்தின் லாபியிங், அதன் மொத்தப் பணியில் ‘கணிசமான பங்கா’ என்று எந்த எண்ணும் சொல்லாத அளவுகோலால் அளக்கப்படும். அனுப்பிய நிறுவனத்துக்கோ 1976ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்த செலவு வரம்பு பொருந்தும். அறப்பணிக்கான ஆண்டுச் செலவில் முதல் 5 லட்சம் டாலருக்கு 20 விழுக்காடு என்று தொடங்கி, மேலே போகப்போக விகிதம் குறைந்து, எத்தனை பெரிய நிறுவனமானாலும் 10 லட்சம் டாலரோடு வரம்பு நின்றுவிடும். ஆண்டுக்கு 4 லட்சம் டாலர் செலவிடும் சிறு அமைப்புக்கு 80 ஆயிரம் டாலர் வரம்பு கிடைக்கும். அதில் கால் பங்கான 20 ஆயிரத்தை மட்டுமே பொதுமக்களைத் தூண்டும் லாபியிங்குக்குச் செலவிடலாம். இது ஒரு பக்கப் படிவம்தான் என்பதால், தள்ளிப்போடுவதற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது, எழுத்தைப் பிரிப்பது. குடிநீர்க் குழாய்களில் ஈயம் கலப்பதைப் பற்றி ஒரு துண்டறிக்கை அச்சிடுகிறீர்கள் என்று கொள்வோம். ஈயம் குழந்தைகளுக்குச் செய்யும் கேட்டை விளக்குவது கல்வி. அவையில் இருக்கும் ஒரு மசோதாவைக் குறிப்பிட்டு, இரு தரப்பு உண்மைகளையும் நேர்மையாக எடுத்துரைத்து, ‘இது தேவை’ என்று முடிவு சொன்னாலும் அது பெரும்பாலும் கல்வியே. ஆனால் அடியில் ‘உங்கள் உறுப்பினரை அழைத்துச் சொல்லுங்கள்’ என்று ஒரு வரியும் தொலைபேசி எண்ணும் சேர்ந்தால் அத்துண்டறிக்கை பொதுமக்களைத் தூண்டும் லாபியிங் கணக்குக்குப் போய்விடும். மசோதாவை ஆதரிக்கச் சொல்லி உறுப்பினருக்கு நீங்களே கடிதம் எழுதினால், அது நேரடி லாபியிங். மக்கள் வாக்கெடுப்புக்கு வரும் தீர்மானத்தில் வாக்காளரே சட்டமியற்றுபவர் ஆகிறார் என்பதால், அவரிடம் ஆதரவு கேட்பதும் நேரடி லாபியிங்காகவே எண்ணப்படும். பலர் தவறுவது இங்கேதான். அரசுத் துறைகள் வகுக்கும் விதிகளுக்குக் கருத்து அனுப்புவதும் வழக்குத் தொடுப்பதும் இந்தக் கணக்கில் வாரா.

செலவுக் கணக்கை அன்றன்றே எழுத வேண்டும். ஓர் ஊழியர் செவ்வாய்க்கிழமை 2 மணி நேரம் உறுப்பினரின் அலுவலகத்தில் மசோதாவுக்காகப் பேசிவிட்டு, 6 மணி நேரம் பள்ளிகளில் நீரைச் சோதித்தார் என்றால், நேர ஏட்டில் அவை இரண்டு தனி வரிகளாக இருக்கட்டும். மசோதாவின் எண்ணையும் உடன் குறியுங்கள். அவர் சம்பளத்தில் அந்த 2 மணி நேரத்தோடு வாடகை, மின்சாரம் போன்ற பொதுச் செலவில் அதற்குரிய பங்கும் சேரும். ஊதியம் பெறாத தன்னார்வலரின் நேரத்துக்குச் செலவு இல்லை, ஆகவே கணக்கும் இல்லை. ஆண்டு இறுதியில் 990ஆம் படிவத்தின் ‘சி’ அட்டவணையை நிரப்பும்போது இந்த ஏடுதான் கைகொடுக்கும்.

வரம்பு போதாது என்று தோன்றினால், லாபியிங்குக்கு இந்த வரம்பு இல்லாத 501(சி)(4) பிரிவில் உடன்பிறப்பு அமைப்பு ஒன்றைத் தொடங்கலாம். அதற்குத் தரும் நன்கொடைக்கு வரிக்கழிவு கிடையாது. 1966 ஜூன் மாதம் கிராண்ட் கேன்யன் அணைத் திட்டங்களை எதிர்த்துச் சியரா கிளப் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்தபோது, மறுநாளே வரித்துறையின் கடிதம் வந்தது. வரிக்கழிவுத் தகுதியும் பிறகு பறிபோனது. 1960இலேயே தனி அறக்கட்டளை ஒன்றை அமைத்திருந்ததால், வரிக்கழிவு வேண்டிய நன்கொடையாளர்களை அவர்களால் அங்கே திருப்பிவிட முடிந்தது. இரண்டு அமைப்பு வைத்தால் இரண்டு நிர்வாகக் குழு, இரண்டு வங்கிக் கணக்கு, பொதுவான அறைக்கும் ஆட்களுக்கும் எழுத்தில் ஒப்பந்தம், அதற்காக மாதந்தோறும் உண்மையாகவே கைமாறும் பணம் ஆகிய நான்கும் இருந்தாக வேண்டும்.