கிணத்துத் தண்ணியும் ரிப்போர்ட்டும்: யாழ்ப்பாணத்தில நாங்கள் விடுற கணக்குப் பிழையள்

தண்ணி ரிப்போர்ட் ஒண்டு கையில வந்தா எங்கட சனம் கேக்கிற முதல் கேள்வியும் கடைசிக் கேள்வியும் ஒண்டுதான், குடிக்கலாமோ ஏலாதோ. அதில குறை சொல்ல ஒண்டுமில்லை, பிள்ளை குட்டியோட இருக்கிறவை வேற என்னத்தைக் கேக்கிறது. ஆனா அந்த ஒரு சொல்லுப் பதிலை வச்சுக்கொண்டு ஃபில்ட்டர் வாங்கிறது, கிணத்தை மூடுறது, புதுசாப் போர் அடிக்கிறது, ஊருக்கு வாற திட்டத்துக்கு ஓம் எண்டு கையெழுத்து வைக்கிறது எண்டு எல்லா முடிவும் எடுக்கேக்கதான் காசும் போகுது தண்ணியும் போகுது. படிச்ச ஆக்கள், திட்டம் எழுதுற ஆக்கள் கூட இதே பிழையளைத்தான் விடினம், என்ன, அவை இங்கிலீசில விடினம்.

யாழ்ப்பாணத்தில ஆறு இல்லை. வழுக்கியாறு மாரியில மட்டும் ஓடும், அதை ஆறெண்டு எண்ணிறவை எண்ணுங்கோ. ஒக்டோபரில இருந்து டிசம்பர் வரைக்கும் பெய்யிற மழை செம்மண்ணுக்குள்ளால இறங்கிச் சுண்ணக்கல்லுக்குள்ள போய் நிக்கிறதைத்தான் வருசம் முழுக்கக் குடிக்கிறம், குளிக்கிறம், வெங்காயத்துக்கு இறைக்கிறம். அதே பாதையாலதான் யூரியாவும், கக்கூஸ் கிடங்குத் தண்ணியும், கராச்சில ஊத்தின கழிவோயிலும் இறங்குது. இதை மனசில வச்சுக்கொண்டு வாசியுங்கோ.

முதல்ல நம்பர். உரத்தில இருந்தும் கக்கூஸ் கிடங்கில இருந்தும் தண்ணிக்குள்ள இறங்கிற நைத்திரேற்றுக்கு இலங்கைக் குடிநீர்க் கட்டளை எஸ்.எல்.எஸ். 614உம் உலக சுகாதார நிறுவனமும் வச்சிருக்கிற எல்லை லீட்டருக்கு 50 மில்லிகிராம். இது கனபேருக்குத் தெரியும், வட்ஸ்அப்பில சுத்திக்கொண்டே இருக்குது. தெரியாத விசயம் என்னெண்டா சில ஆய்வுகூடங்கள் முழு நைத்திரேற்றையும் எழுதித் தரும், சில இடத்தில அதுக்குள்ள இருக்கிற நைதரசனை மட்டும் எழுதித் தரும். ரிப்போர்ட்டில பெயருக்குப் பின்னால சின்னதா ஒரு கோடு போட்டு ஒரு "என்" எழுத்து இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்த எழுத்து இருந்தா நம்பரை 4.43ஆல பெருக்கோணும். ரிப்போர்ட்டில 14 எண்டு கிடக்கும், ஆள் பாத்திட்டு 50க்கு எவ்வளவோ கீழதானே எண்டு பேப்பரை மடிச்சு அலுமாரிக்குள்ள வச்சிடுவார், ஆனா பெருக்கிப் பாத்தா 62. எல்லையைத் தாண்டிப் போட்டுது. அந்த முறையில எழுதினா எல்லையே 11.3தான். உங்கட பழைய ரிப்போர்ட்டுகளை இண்டைக்கே ஒருக்காத் திறந்து பாருங்கோ, நான் பகிடிக்குச் சொல்லேல்ல.

அதே பேப்பரில "கண்டறியப்படவில்லை" எண்டு இருந்தா அது பூச்சியம் எண்டு அர்த்தமில்லை. அந்த மிசினுக்குப் பிடிபடுற அளவுக்குக் கீழ இருக்கு, அவ்வளவுதான். மிசின் எந்த அளவில இருந்து பிடிக்கும் எண்டு கேட்டு எழுதி வாங்குங்கோ.

அடுத்தது எப்ப எடுத்த தண்ணி எண்ட கேள்வி. ஒரு போத்தில் தண்ணி எடுத்து, ஒரு தரம் குடுத்து, அதை அஞ்சு வருசத்துக்குக் காட்டிக்கொண்டு திரியிறவை இருக்கினம். எங்கட கிணறுகளில உப்பு ஏறுறது கோடை முடிவில, ஆவணி புரட்டாதியில, நைத்திரேற்று ஏறுறது மழை விழுந்து தோட்டத்து மண்ணைக் கழுவிக் கீழ இறக்கேக்க. மாரியில வெள்ளம் நிண்டா கிருமி. ஆக ஆவணியில எடுத்த ரிப்போர்ட்டைக் காட்டி "நைத்திரேற்று இல்லை, தண்ணி சுத்தம்" எண்டு மார்கழியில பிள்ளைக்குக் குடுத்தா அந்த ரிப்போர்ட்டால ஒரு பிரயோசனமும் இல்லை. குறைஞ்சது ரண்டு தரம், கோடைக் கடைசியில ஒண்டு, முதல் பெருமழைக்குப் பிறகு ஒண்டு. திட்ட அறிக்கையளில இன்னும் மோசம், பத்துக் கிணத்தின்ர சராசரியைப் போட்டு "பிரதேசத்தின் நீர் எல்லைக்குள் உள்ளது" எண்டு எழுதி விடுவினம், ஒருத்தரும் சராசரிக் கிணத்தில தண்ணி அள்ளுறேல்ல.

எங்க எண்டதும் அப்பிடித்தான். கிணத்துக்கும் கக்கூஸ் கிடங்குக்கும் 50 அடி இருந்தாக் காணும் எண்டு ஒரு கணக்கு இருக்குது. மண் வடிகட்டுற இடத்துக்கு அது சரிவரும். எங்கட சுண்ணக்கல்லு வெடிப்பும் பொந்துமாக் கிடக்குது, தண்ணி அதுக்குள்ளால வடியாமல் நேர ஓடும், பிறகு 50 அடி எண்டதுக்கு என்ன மதிப்பு. மற்றது திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் ரண்டு பரப்புச் சின்னக் காணிக்குள்ள வீடு கட்டியிருக்கிறவையின்ர நிலைமையைப் பாருங்கோ. உங்கட கிடங்கு வளவின்ர அடுத்த மூலையில 50 அடிக்கு அங்கால இருக்கும், பிளானும் பாஸ் ஆகியிருக்கும், மதிலுக்கு அங்கால பக்கத்து வீட்டுக்காரற்ற கிடங்கு உங்கட கிணத்தில இருந்து 15 அடியில இருக்கும், அவற்ற கிணத்துக்கு உங்கடது கிட்ட. அடி பூசின தொட்டி கட்டிக் கழிவு உறிஞ்சிற கலி பவுசர் கூப்பிட்டு எடுக்கிறதுக்கு ஒரு வீட்டுக்காரருக்குச் செலவு, பலன் போறது பக்கத்து வீட்டுக்கு. அதாலதான் ஒருத்தரும் தனியச் செய்யினமில்லை, இதைச் சனத்தின்ர அறியாமை எண்டு விழிப்புணர்வுக் கூட்டம் வைக்கிறதில எனக்கு நம்பிக்கை இல்லை. ஒழுங்கை முழுக்கச் சேந்து கட்டினா, இல்லாட்டிப் பிரதேச சபை செலவில ஒரு பங்கு போட்டா நடக்கும்.

சுடவச்சுக் குடிச்சா எல்லாம் போயிடும் எண்ட நினைப்பை விடுங்கோ. கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணி ஆவியாகப் போக அது இன்னும் செறியும். போத்திலில பால்மா கரைச்சுக் குடுக்கிற ஆறு மாதத்துக்குக் கீழான பிள்ளையளுக்குத்தான் இதில பெரிய ஆபத்து, இரத்தம் ஒட்சிசன் காவுறது குறைஞ்சு பிள்ளை நீலமாப் போகும். அதே தண்ணி 40 வயது ஆளை அப்பிடிச் செய்யாது. ஒரே கிணறு, ஒரே நம்பர், வீட்டுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் ஆபத்து வேற.

இதுக்கு நேர் எதிரான பிழையும் இருக்கு, நைத்திரேற்று எண்டா உடன கான்சர் எண்டு போஸ்ட் போடுறது. சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2010இல போட்ட அறிக்கையில, உடம்புக்குள்ள நைத்திரோசோச் சேர்வையள் எண்ட புற்றுநோய் தூண்டக்கூடிய பொருளுகள் உருவாகக்கூடிய நிலைமையில உள்ள போற நைத்திரேற்றும் நைத்திரைற்றும் பெரும்பாலும் புற்றுநோயை உண்டாக்கக்கூடும் எண்டு 2ஏ குழுவில வச்சிருக்கினம். அந்தக் குழு சொல்லுறது ஆதாரம் எவ்வளவு பலமெண்டதை மட்டும்தான். உங்கட கிணத்துத் தண்ணியால எத்தினை பேருக்கு வரும் எண்டது அதில இல்லை, அதுக்கு அளவு வேணும், எத்தினை வருசம் குடிச்சதெண்டு வேணும். தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில சனம் கூடினதைப் பாத்துக் கிணத்தில பழி போடுறவையும் இந்த இடத்தைத்தான் தாண்டிப் பாயினம்.

இனி ஃபில்ட்டர் விக்கிற பெடியள். வீட்டுக்கு வந்து பேனை மாதிரி ஒரு மீற்றரை உங்கட கிளாசுக்குள்ள விட்டு 600 எண்டு காட்டுவினம், பிறகு தங்கட தண்ணிக்குள்ள விட்டு 30 எண்டு காட்டுவினம், அம்மா பயந்து போவா. அந்த டி.டி.எஸ். மீற்றர் தண்ணி எவ்வளவு மின்சாரம் கடத்துதெண்டு பாத்து மொத்த உப்பைக் கணிக்குது, அவ்வளவுதான். சுண்ணக்கல்லில இருந்து வாற கல்சியத்துக்கும் நைத்திரேற்றுக்கும் அதுக்கு வித்தியாசம் தெரியாது, கிருமியும் எண்ணெயும் அதுக்குத் தெரியவே தெரியாது. ஆர்.ஓ. மிசின், அதாவது தண்ணியை மென்சவ்வுக்குள்ளால அமத்தி வடிக்கிற மிசின், நைத்திரேற்றைக் குறைக்கும், அது உண்மை. ஆனா வீட்டு ஆர்.ஓ. ஒரு லீட்டர் நல்ல தண்ணி தரேக்க அதுக்குக் கூடவே கழிவுத் தண்ணியை வெளிய தள்ளும், பிடிச்ச நைத்திரேற்று முழுக்க அதுக்குள்ளதான். குழாயை எங்க விட்டிருக்கிறியள்? கிணத்தடி வாழைக்கு. வாழைக்குப் போனது போகத் திரும்பவும் கிணத்துக்கு.

சுண்ணாகத்துக் கதையைச் சொல்லாமல் விடேலாது. மின்நிலையப் பக்கத்தில கிணறுகளில எண்ணெய் எண்டு பிரச்சினை கிளம்பேக்க ஒரு பக்கம் இருக்கு எண்டிச்சினம், இன்னொரு பக்கம் பயப்பிடத் தேவையில்லை எண்டிச்சினம், சனம் நடுவில பவுசர் தண்ணிக்கு வாளியோட நிண்டது. அந்த நேரம் எல்லாரும் கட்டிப்பிடிச்சுக்கொண்டு நிண்டது எண்ணெய் இருக்கோ இல்லையோ எண்ட ஒரு கேள்வியில. கேட்டிருக்க வேண்டிய மற்றக் கேள்வி, பிழைச்சா என்ன செலவு எண்டது. இல்லாத எண்ணெயை இருக்கெண்டு நினைச்சா சில மாதம் பவுசர்க் காசு வீண். இருக்கிறதை இல்லையெண்டு நினைச்சா பிள்ளையள் அதைக் குடிக்கும். இந்த ரண்டு பிழைக்கும் ஒரே விலை இல்லை, அதால "முழு ஆதாரம் வரட்டும், பிறகு பாப்பம்" எண்டு இருக்கிறதும் ஒரு பக்கம் சாஞ்ச முடிவுதான். மணந்து பாத்து முடிவெடுக்கிறதும் சரிவராது, பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனம் வச்ச அளவு லீட்டருக்கு 0.01 மில்லிகிராம், அந்த அளவை எந்த மூக்கும் பிடிக்காது.

அந்த எண்ணெய்ப் பிரச்சினை வழக்கா 2015இல உயர் நீதிமன்றம் போய் 2019 ஏப்ரலில தீர்ப்பு வந்தது, மாசாக்கினவன் கட்டோணும் எண்ட கொள்கைப்படி தனியார் மின் கொம்பனி 2 கோடி ரூபா கட்டோணும் எண்டு. பெரிய தீர்ப்பு, மறுக்கேல்ல. ஆனா அந்த 2 கோடியைத் தூக்கிக் காட்டி "சுண்ணாகத்துத் தண்ணியின்ர விலை இதுதான்" எண்டு கணக்குப் போடுறது பிழை. நட்டத்தில ஒரு பகுதியாவது ஈடு செய்யட்டும் எண்டுதான் தீர்ப்பே சொல்லுது. சுண்ணக்கல் பொந்துக்குள்ள போன எண்ணெயைத் திருப்பி எடுக்கிற செலவு வேற கணக்கு, போகாமல் தடுத்திருக்கக்கூடிய செலவு இன்னும் வேற, அதுதான் எல்லாத்திலையும் மலிவு.

இறைப்புக்கு வருவம். எங்கட நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துகொண்டு நிக்குது. பாடம் என்ன சொல்லுதெண்டா கடல் மட்டத்துக்கு மேல ஒரு அடி நல்ல தண்ணி நிண்டா கீழ ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல தண்ணி இருக்கும், அதைத் திருப்பிச் சொன்னா மேல ஒரு அடியை இறைச்சுக் குறைச்சாக் கீழ இருந்து உப்பு 40 அடி ஏறப் பாக்கும். நிலாவரைக் கிணத்தில மேல நல்ல தண்ணியும் ஆழத்தில உப்பும் இருக்கிறது இதாலதான். ஆக "கிணத்தில இன்னும் தண்ணி கிடக்குதுதானே" எண்டு எட்டிப் பாக்கிறது கணக்கே இல்லை, எட்டிப் பாத்தாத் தெரியிற பக்கம் அந்த ஒரு அடிதான்.

தோட்டக்காரருக்குத் தண்ணிக்கு விலை இல்லை, மண்ணெண்ணெய் இல்லாட்டிக் கரண்டுக்குத்தான் விலை. அதாலதான் சோலர் பம்ப் எண்டாச் சூழலுக்கு நல்லது எண்டு கண்ணை மூடிக்கொண்டு மானியம் குடுக்கிறதை நான் ஏற்கேல்ல. புகை குறையும், உண்மை, ஆனா ஒரு மணித்தியாலம் கூட இறைக்கிறதுக்கு இனிச் சதமும் செலவில்லை எண்டா ஆர் மிசினை நிப்பாட்டுவினம்? சோலரைக் குடுக்கேக்க சொட்டு நீர்க் குழாயையும் சேத்துக் குடுங்கோ, இல்லாட்டி விடுங்கோ. உரமும் அப்பிடித்தான். மானியத்தில மலிவாக் கிடைச்ச காலம் முழுக்க அள்ளிக் கொட்டினம், பிறகு 2021இல இரவோட இரவா இரசாயன உரத்துக்குத் தடை போட்டு, விளைச்சல் விழுந்து, அந்த வருசம் நவம்பரிலேயே தடையை எடுத்தினம். ஒண்டில் அள்ளிக் கொட்டுறது, இல்லாட்டி முழுத்தடை. நடுவில எத்தினையோ வேலை கிடக்குது, ஒரேயடியாப் போடாமல் பிரிச்சுப் பிரிச்சுப் போடுறது, மழை வாற கிழமை போடாமல் விடுறது, இதுக்கு அரச பணமும் பெரிசாத் தேவையில்லை.

இனிப் பெரிய திட்டங்கள். செலவு பலன் கணக்கில வருங்கால நட்டத்தை இண்டைய காசுக்கு மாத்திறதுக்கு ஒரு வட்டி வீதம் போடுவினம். 50 வருசத்துக்குப் பிறகு வாற ஒரு கோடி ரூபா நட்டத்தை 10 வீதத்தில மாத்தினா ஏறத்தாழ 85,000 ரூபா, 3 வீதத்தில மாத்தினா ஏறத்தாழ 23 லட்சம். தண்ணி அதே தண்ணி, நட்டம் அதே நட்டம், வீதம் மட்டும்தான் வேற. பேரப்பிள்ளையளின்ர கிணறு 85,000 ரூபாவாச் சுருங்கினது எந்தப் பக்கத்தில எண்டு பாக்காமல் கடைசிப் பக்கத்து "திட்டம் இலாபகரமானது" எண்டதை மட்டும் வாசிக்காதேங்கோ.

சூழல் தாக்க மதிப்பீட்டுக்கும் இதே கதை. 1988 திருத்தத்தோட தேசிய சுற்றாடல் சட்டத்துக்குள்ள வந்த விசயம் இது, ஆனா அதில சூழல் செலவு பலன் ஆய்வு "தயாரிக்கப்பட்டிருந்தால்" சேக்கோணும் எண்டுதான் இருக்குது, தயாரிக்காட்டி இல்லை. எல்லாத் திட்டத்துக்கும் மதிப்பீடு வேணுமெண்டும் இல்லை, ஹோட்டல் எண்டாப் பொதுவா 99 அறைக்கு மேல போனாத்தான் அந்தப் பட்டியலுக்குள்ள வரும், ஆக 95 அறைக்கு வரைபடம் வந்தா ஏன் 95 எண்டு ஒருக்கா யோசியுங்கோ. மதிப்பீடு நடந்தாப் பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாள் தருவினம், பேப்பரில அறிவித்தல் வரும், எங்கட ஆக்களுக்கு அது தெரியவாறது முள்ளுக்கம்பி அடிச்ச பிறகு. அறிக்கை கையில கிடைச்சா "மாற்று வழிகள்" எண்ட பகுதியை முதல்ல தட்டுங்கோ, அது அரைப் பக்கத்தில முடிஞ்சா முடிவு முதலே எடுத்தாச்சு எண்டு விளங்கும்.

தாளையடியில ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் கடல்நீரைக் குடிநீராக்கிற நிலையம் 2024இல திறந்திட்டினம், பைப் தண்ணி வருது, நல்லது. அதால கிணத்துப் பிரச்சினை முடிஞ்சுது எண்டு நினைக்கிறது இப்ப புதுசா வாற பிழை. தோட்டம் இன்னும் கிணத்திலதான், மாடு கிணத்திலதான், கரண்ட் நிண்டா நாங்களும் கிணத்திலதான். கடல்நீரைச் சுத்திகரிக்க ஒரு கன மீற்றருக்கு மூண்டு நாலு யுனிற் கரண்ட் வேணும், மென்சவ்வு மாத்தோணும், உப்புக் கழிவு கடலுக்குப் போகோணும், இதெல்லாம் திறப்பு விழாச் செலவில இல்லை, மாதாமாதம் வாற செலவு. ஊருக்குள்ள ஆரும் நன்கொடையில சின்ன ஆர்.ஓ. நிலையம் போட்டுத் தரப் போறம் எண்டு வந்தாலும் இதே கேள்விதான்: மென்சவ்வு மாத்திற காசு ஆர் கட்டுறது, கழிவுத் தண்ணி எங்க போகும், நைத்திரேற்றை ஆர் எப்பப் பரிசோதிக்கிறது. மூண்டுக்கும் பதிலை எழுத்தில வாங்கிக்கொண்டு காணியைக் குடுங்கோ.